ஈமானுக்கு முட்டுக் கொடுக்கலாமா?

சென்ற 2025-ஆம் ஆண்டு ரபீஉல் அவ்வல் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் மீலாது கூட்டம் நடந்தது. அடியேனையும் பேசச் சொல்லியிருந்தார்கள். "திருமறையும் விஞ்ஞானமும்" என்பது தலைப்பு. பல ஊர்களில் பேசிப் பழகிய பேச்சுத்தான். வானமும் பூமியும் ஆதியில் ஒரே கட்டியாக இருந்தன. அக்கட்டி வெடித்துச் சிதறியது. இதையே இன்றைய விஞ்ஞானிகள் பெருவெடிப்பு என்கிறார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் மறை இதைக் கூறிவிட்டது என்று முழங்கினேன். தக்பீர் ஒலி எழுந்தது. மேடையை விட்டு இறங்கும்போது மனத்துக்கு நிறைவாகவே இருந்தது.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பையன் வந்தான். தெரிந்த வீட்டுப் பிள்ளை. கல்லூரியில் பௌதிகம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

"சாச்சா, அந்தக் கட்டி எங்கே இருந்துச்சு?"

"எங்கே என்றால்? வெட்டவெளியில்தான்."

"அப்படின்னா கட்டியும் இருந்திருக்கு, வெட்டவெளியும் இருந்திருக்கு. அது ரெண்டையும் அல்லாஹ் எப்போ படைச்சான்? இல்லே, அது ரெண்டும் எப்பவுமே இருந்துச்சா?"

நான் வாயடைத்து நின்றேன். அல்லாஹ் ஒருவனே அநாதியானவன், அவனையன்றி உள்ளவை அனைத்தும் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவை என்று மக்தபில் ஓதிய அகீதா பாடம் எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். திருமறைக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு நான் மேடையில் வரைந்து காட்டிய சித்திரத்திலோ அல்லாஹ்வுடன் கூடவே ஒரு கட்டியும் ஒரு வெட்டவெளியும் அநாதியாக நின்றுகொண்டிருந்தன! "எங்க புரொபசர் அப்படிச் சொல்லலே சாச்சா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பையன் போய்விட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

பிழை என் ஒருவனுடையது அன்று என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மாணவர்களிடம் பெருவெடிப்பு என்றால் என்ன என்று எழுதச் சொல்லி, வந்த விடைகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர் பலரும் எழுதிய விடை ஏறக்குறைய என் மீலாதுப் பேச்சேதான்: முன்னரே இருந்த ஏதோ ஒரு பொருள், முன்னரே இருந்த ஒரு வெளியின் நடுவில் வெடித்துச் சிதறியது. அவர்கள் நம் சொற்பொழிவுகளைக் கேட்டவர்கள் அல்லர். ஆயினும் அதே பிழை. ஆகவே இது ஒரு மதத்தாருக்கோ ஒரு நாட்டாருக்கோ உரிய மயக்கமன்று. மனித மனத்தின் மயக்கம்.

பெயரும் இதற்கு ஒரு காரணம். 1949-இல் பி.பி.சி. வானொலிப் பேச்சொன்றில் 'பெரிய வெடி' என்னும் பொருள்படும் சொல்லை வழங்கியவர் பிரெட் ஹாயில். அவரோ அக்கொள்கையை ஏற்காதவர். பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் உள்ளது என்று வாதிட்டவர். எதிராளி வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் நாம் அதைப் 'பெருவெடிப்பு' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். வெடிப்பு என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பாறைக்கு வைத்த வெடியும் தீபாவளிப் பட்டாசும்தானே நினைவுக்கு வரும்? சொல்லே பாதி வழியைத் தவறவிட்டுவிடுகிறது.

விஞ்ஞானிகள் உண்மையில் கூறுவது வேறு. பிரபஞ்சம் ஒரு காலத்தில் மிக நெருக்கமாகவும் மிகக் கடுமையான வெப்பத்துடனும் இருந்தது. அந்நிலையிலிருந்து எங்கும் ஒருங்கே விரிந்து குளிர்ந்து வருகிறது. அது தொடங்கி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவுதான். நடுவிடம் என்று ஒன்றில்லை. விரிவதற்குப் புறத்தே ஒரு காலியிடமும் தேவையில்லை. விண்மீன் மண்டலங்கள் வெளியைக் கிழித்துக்கொண்டு ஓடவில்லை. அவற்றின் இடையே உள்ள வெளியே நீள்கிறது. ஒரு நீண்ட ரப்பர் நாடாவில் மைப்புள்ளிகள் வைத்து இழுத்துப் பாருங்கள். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகிப் போகும். தொலைவில் உள்ளது விரைவாகப் போகும். 1929-இல் எட்வின் ஹப்பிள் கண்டு வெளியிட்டதும் இந்தக் கணக்குத்தான். நாடாவை இழுக்க இரண்டு கைகள் வேண்டும், நாடாவுக்குப் புறத்தே காற்று உண்டு. ஆகவே உவமை அங்கே நின்றுவிட வேண்டும். உவமை எதற்குச் சொல்லப்பட்டதோ அதற்கு அப்பால் அதை இழுத்துச் செல்வதே மாணவர்களின் தடுமாற்றத்தில் பெரும் பங்கு.

பூமியின் சேதியையும் பாருங்கள். பூமி உண்டாகி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளே ஆகின்றன. அதாவது பிரபஞ்சம் விரியத் தொடங்கிப் பூமி இல்லாமலே 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. வானமும் பூமியும் ஒட்டிக்கிடந்து வெடித்தன என்று நான் பேசியது எந்த விஞ்ஞானியும் சொல்லாதது.

நிற்க. இந்தப் பிழைகளைக் கண்டு மேல்நாட்டு மாணவர்களை இளக்காரமாக நினைப்பதற்கில்லை; நம் மாணவர்களையும் அப்படித்தான். 1987-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பட்டமளிப்பு விழாவன்று எடுத்த ஒரு குறும்படம் உண்டு. கோடையும் குளிரும் ஏன் வருகின்றன, நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது என்று 23 பேரிடம் வினவினார்கள்; அவர்களுள் மாணவரும் உண்டு, ஆசிரியரும் உண்டு. 21 பேர் தவறாகச் சொன்னார்கள். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பது ஒரு விடை. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். நம் ஊரில் மார்கழிப் பனிக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு சுபுஹுத் தொழுகைக்குப் போகும் நாள்களில்! பூமியின் நிழல் விழுவதால் நிலவு தேய்கிறது என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது பிழை நம்மவரிடம் இருக்கவே கூடாது. ஏனெனில் நம்முடைய அமல்களே அதைத் திருத்தி வைத்திருக்கின்றன. பூமியின் நிழல் சந்திரன் மீது விழுந்தால் அது கிரகணம். அதற்குத் தனித் தொழுகை உண்டு. அது வருவதோ நிறைநிலவு இரவில். தலைப்பிறையையோ நாம் மஃக்ரிபு வேளையில், சூரியன் அடைந்த திசையிலே தேடுகிறோம். அதன் ஒளிபெற்ற விளிம்பு மறைந்த சூரியனை நோக்கியே இருக்கும். இரண்டும் ஒரே நிழலின் வேலையானால் மார்க்கம் இவற்றை இரு வேறு நேரத்தில், இரு வேறு கடமையாக வைத்திருக்குமா? பிறை பார்க்க மாடிக்கு ஏறும் வீட்டுப் பிள்ளை இதைக் கண்ணாலேயே கற்றிருக்க வேண்டும். ஆனால் நாம் பிறையைப் பற்றிச் சண்டை போடுகிற அளவுக்குப் பிறையைப் பார்ப்பதில்லை.

இனி என் வினாவுக்கு வருகிறேன். ஒருவன் பிழையான ஒரு காரணத்தைக் கொண்டு உண்மையான ஒன்றை நம்புகிறான். அந்தக் காரணம் பிழை என்று நமக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லித் திருத்துவது நம்மீது கடமையா? அல்லது, "நம்பிக்கை நல்லதுதானே, எதற்காக ஆட்டிப் பார்க்க வேண்டும்?" என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம் என்பதற்கு நல்ல ஆதரவு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இறுதிக் காலத்தில், பொதுமக்களைக் கலாம் என்னும் தர்க்கக் கலையிலிருந்து தடுத்து வைப்பது பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். எளிய நெஞ்சில் உறுதியாக இருக்கும் ஈமானை வாதங்களால் குழப்பலாகாது என்பது அவர்கள் கவலை. நம் தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடியா, 13 ஆயிரமா என்று அவர்களுக்குத் தெரியாது. தஹஜ்ஜுதுக்கு எழுந்து நிற்க அந்தக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படவுமில்லை. அவர்களிடம் போய் ஹப்பிளைப் பற்றிப் பேசுவது யாருக்கு நன்மை?

ஆனால் என்னிடம் கேள்வி கேட்டவன் அந்தத் தாய்மாருள் ஒருவன் அல்லன். அவன் கையில் ஒரு வாதத்தை வலியத் திணித்தவர்கள் நாம், "உன் மறை உண்மை, ஏனெனில் விஞ்ஞானம் அதை ஒப்புக்கொண்டுவிட்டது" என்று அந்த 'ஏனெனில்'லைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் நாம். பொதுமக்களுக்கு வேண்டாம் என்று இமாமவர்கள் தடுத்த கலாமை, அதுவும் அரைகுறையாக, ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்திருக்கிறோம். முட்டு வைத்த சுவரில் பாரம் முட்டின் மீதே இறங்கிவிடும். பிறகு கல்லூரியில் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்து அந்த முட்டை உருவிவிட்டால் குற்றம் பேராசிரியர் மீதா?

அப்பொழுது நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். சிலர் மறையைச் சந்தேகிக்கிறார்கள். வேறு சிலர் விஞ்ஞானத்தைப் பொய் என்று தள்ளிவிட்டு, தேர்வில் மட்டும் பேராசிரியர் கேட்டதை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்கிறார்கள். "தியரிதானே சாச்சா, ஊகம்தானே" என்பார்கள். ஆய்வும் அளவும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்புக்கே விஞ்ஞானத்தில் தியரி என்று பெயர் என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். பிரபஞ்சத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் மெல்லிய வெப்பக் கதிரை, முழுப்பூஜ்ய வெப்பநிலைக்கு மேல் மூன்று பாகைக்கும் குறைவான அந்தச் சூட்டை, பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் கண்டறிந்து 1965-இல் அறிவித்தார்கள். 1978-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அது ஊகமன்று, கருவியில் விழுந்த அளவு. உள்ளத்தில் பொய் என்று கருதுவதைத் தாளில் மெய் என்று எழுதிக் காசாக்கும் பழக்கம் பதினெட்டு வயதில் படிந்துவிட்டால், அது வானவியலோடு நின்றுவிடுமா? எனக்குப் பிரபஞ்சத்தின் கதியைவிட இது பற்றியே அச்சம் அதிகம்.

இதே சோதனை பிறருக்கும் வந்ததுண்டு. விரிகிற பிரபஞ்சக் கொள்கையை 1927-லேயே கணக்கிட்டு எழுதியவருள் ஒருவர் ழோர்ஷ் லமேத்ர் என்னும் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் அவர்கள், இப்புதிய ஆய்வுகள் படைப்புக்குச் சான்று பகர்கின்றன என்னும் கருத்துப்பட உரையாற்றினார். பாதிரியாரான லமேத்ர் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? அவரோ அதை விரும்பவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. மறு ஆண்டு செப்டம்பரில் ரோமில் கூடிய வானியல் அறிஞர்களிடம் போப் பேசியபோது அந்த வாதம் மீண்டும் வரவில்லை. தம் சமயத்துக்குச் சாதகமாக வந்த ஒரு வாதத்தை, அது சரியான வாதமன்று என்பதற்காகவே ஒருவர் ஒதுக்கினார் என்பதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் ஏனென்றால், அந்தப் பாடம் நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம், பால்குடிப் பருவத்திலேயே மதீனாவில் மறைந்தார்கள். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. வானவியலார் கணக்கிட்டு, அது கி.பி. 632 ஜனவரி 27 என்கிறார்கள். இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள்: நபித்துவத்துக்கு இதைவிடக் கவர்ச்சியான ஓர் ஆதாரம் வேண்டுமா? ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும். மக்களின் நம்பிக்கை கோட்டையாக வளர்ந்திருக்கும். துக்கத்தில் இருந்த தந்தை அந்த வேளையிலும் வாளாவிருக்கவில்லை. எவர் இறந்ததற்காகவும் எவர் பிறந்ததற்காகவும் கிரகணம் உண்டாவதில்லை, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளே என்று அறிவித்து, தொழுகையின் பக்கம் மக்களைத் திருப்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488-இல், அதாவது கி.பி. 1095-இல் முடித்த 'தஹாபுத்துல் பலாஸிபா' என்னும் நூலின் முன்னுரைப் பகுதியில் இந்தக் கிரகணச் செய்தியையே எடுத்து விவாதிக்கிறார்கள். கிரகணத்துக்கு வானவியலார் கூறும் காரணம் கணக்கால் உறுதியானது. அதை மார்க்கத்தின் பெயரால் மறுக்கப் புறப்படுகிறவன் மார்க்கத்துக்கே ஊறு செய்கிறான் என்பது அவர்கள் கருத்து. தத்துவவாதிகளை மறுக்க எழுதிய நூலிலேயே இப்படி ஒரு வரம்பு கட்டினார்கள்.

அந்நூலின் முதல் விவாதமோ உலகம் அநாதியா என்பது. "உலகம் படைக்கப்படுவதற்கு முன் எவ்வளவு காலம் கழிந்தது?" என்று தத்துவவாதிகள் மடக்குவார்கள். காலமும் படைக்கப்பட்டதுதான், அதற்கு முன் காலம் ஏது என்பது இமாமவர்களின் விடை. அப்படியானால் மனம் ஏன் ஒரு 'முன்'னைத் தேடிக்கொண்டே இருக்கிறது? அது 'வஹ்மு', அதாவது கற்பனைப் புலனின் பலவீனம் என்கிறார்கள். உலகுக்கு எல்லை உண்டு என்றால், அந்த எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு வெளியோ, ஒரு பொருளோ இருந்தே தீர வேண்டும் என்று அதே வஹ்மு அடம்பிடிக்கிறதல்லவா, அதைப்போல என்று ஒப்பிட்டும் காட்டுகிறார்கள். அரிசோனா மாணவர்கள் எழுதிய விடையையும், "எதற்குள்ளே விரிகிறது?" என்று வகுப்பறைகளில் எழும் கேள்வியையும், என் வெட்டவெளியையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஒன்பது நூற்றாண்டுக்கு முன் பெயரிடப்பட்ட நோய்தான்.

இதனால் இமாமவர்கள் பெருவெடிப்பை முன்னறிவித்தார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! அவர்கள் பேசியது இல்லாமையிலிருந்து படைத்தல். விஞ்ஞானம் பேசுவது மிக நெருங்கிய, மிகச் சூடான ஒரு நிலையிலிருந்து இன்றுவரை நிகழ்ந்த வரலாறு. அந்நிலைக்கும் பின்னே கணக்கைத் தள்ளிக்கொண்டு போனால், இன்று கைவசமுள்ள விதிகள் ஓரிடத்தில் செல்லாமல் நின்றுவிடுகின்றன. அங்கே படைப்பு என்று எழுதவும் விஞ்ஞானத்திடம் எழுத்தில்லை. படைப்பில்லை என்று எழுதவும் இல்லை.

திருவசனங்களின் நிலை என்ன என்று கேட்பீர்கள். நான் மேடையில் கையாண்ட அன்பியா சூராவின் 30-ஆம் வசனத்துக்கு இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் ஏற்றமானதாகத் தேர்ந்த விளக்கம், மழையின்றி அடைபட்டிருந்த வானமும் விளைச்சலின்றி அடைபட்டிருந்த பூமியும் திறக்கப்பட்டன என்பது. தாரியாத் சூராவின் 47-ஆம் வசனத்தில் 'விரித்தல்' என்று நாம் இன்று ஆவலோடு பற்றிக்கொள்ளும் சொல்லுக்கு, ஆற்றலின் விரிவு என்றும் முந்தியோர் பொருள் கொண்டார்கள். வேறு பொருள் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நான் ஆலிமும் அல்லன். ஒரு பொருளை மட்டும் பிடித்து, அதையும் நேற்றைய பாடப் புத்தகத்தோடு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சின் மீது பிள்ளைகளின் ஈமானைத் தொங்கவிட எனக்கு அதிகாரம் தந்தவர் யார் என்றுதான் கேட்கிறேன். 1998-இல் பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிவருவதாகக் கண்டார்கள். காரணம் இன்றும் விளங்கவில்லை. நாளை இன்னொன்று வரும். அப்பொழுது வசனத்தின் பொருளையும் மாற்றிக்கொண்டே போவோமா?

மீலாது முடிந்த சில நாள்களில், செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு, முழுச் சந்திர கிரகணம் வந்தது. பள்ளியில் தொழுகைக்கு அழைத்தார்கள். பதினொரு மணி அளவில் சந்திரன் முழுவதும் செம்பு நிறமாகிவிட்டது. தொழுகை முடிந்தபின் முத்தவல்லி அவர்களிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். மீலாதில் நான் சொன்ன கட்டிக் கதை தவறு. வசனத்துக்கும் அது பொருளன்று, விஞ்ஞானத்துக்கும் அது கருத்தன்று. கேட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். தக்பீர் எழவில்லை.

வெளியே வந்தபோது ஒரு பெரியவர் தோளைத் தொட்டு, "எல்லாரும் அன்னைக்கே மறந்திருப்பாங்க தம்பி, நீங்களா ஞாபகப்படுத்தீட்டீங்க" என்று வருத்தப்பட்டுக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பையன் மினாராவின் ஓரத்தில் நின்று நிலவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாச்சா, நிழல் விழுந்தா கறுப்பாத்தானே ஆகணும், ஏன் செவப்பா இருக்கு?"

இதற்கு எனக்கு விடை தெரிந்திருந்தது. பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது. நீலம் வழியில் சிதறிவிடச் சிவப்பு மட்டும் போய்ச் சேருகிறது. அந்த வேளையில் பூமியின் விளிம்பு நெடுக எங்கெங்கே சூரியன் உதிக்கிறதோ, எங்கெங்கே அடைகிறதோ அந்த ஒளியெல்லாம் சேர்ந்துதான் அங்கே விழுகிறது என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அங்கே தெரியறது எல்லா ஊரு சுபுஹும் மஃக்ரிபும்தானே சாச்சா?" என்று கேட்டான்.